துல்லியம் என்னும் சாக்கு

சொந்தக் கையால் செய்த காற்று அளவியை மொட்டை மாடியில் மாட்டி, அது காட்டும் எண்ணை எடுத்துக்கொண்டு எங்கே போனாலும் ஒரே பதில்தான்: "இதெல்லாம் துல்லியம் கிடையாது." அதிகாரிகள் சொல்கிறார்கள், பேராசிரியர்கள் சொல்கிறார்கள், குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர் எழுந்து நின்று சொல்கிறார். சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது. தெருமுனையில் குப்பை எரிவது மட்டும் முடிவதில்லை.

அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு இங்கே வைத்துவிடுகிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு தொடர் கண்காணிப்பு நிலையத்தை நிறுவ ஒரு கோடி ரூபாய் அளவுக்குச் செலவாகிறது. குளிரூட்டிய அறை, சான்று பெற்ற கருவிகள், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் அங்கே உண்டு. இந்தப் பக்கம் நாலாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடும் ஒரு சென்சாரும் ஒரு போர்டும், பிவிசி குழாய்க்குள் செருகியபடி. ஆகவே முன்னது சொல்வது உண்மை, பின்னது சொல்வது பிதற்றல். பிதற்றலைப் பொதுவில் விட்டால் ஜனங்கள் வீணாகப் பயப்படுவார்கள். அளக்கும் வேலையை அதற்கென்று இருப்பவர்களிடம் விட்டுவிடுவதே நல்லது.

இதில் உள்ள தகவல்கள் பெரும்பாலும் சரி. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. நாட்டிலேயே மோசமான காற்றைச் சுவாசிக்கிறவர்களிடம் போய், உங்கள் காற்றைப் பற்றிப் பேச உங்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்லும் முடிவு அது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கருவியைத் திறந்து பார்த்துவிடுவோம். இதைத் தள்ளுபடி செய்கிறவர்களில் பலர் அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் பிஎம்எஸ்5003 என்ற சென்சார் 5 செ.மீ. நீளமும் 2 செ.மீ. தடிமனும் கொண்ட உலோகப் பெட்டி. உள்ளே ஒரு சின்ன ஃபேன், ஒரு லேசர், ஒளியை உணரும் ஒரு டயோடு. ஃபேன் காற்றை இழுக்கிறது. லேசர் கதிரின் குறுக்கே துகள் ஒன்று போகும்போது ஒளி சிதறுகிறது. சிதறலை டயோடு பிடித்துக்கொள்கிறது. எத்தனை சிதறல், எவ்வளவு வலுவான சிதறல் என்பதை வைத்து, கனமீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் இருக்கும் என்று பெட்டிக்குள் இருக்கும் சில்லு கணக்குப் போட்டு, ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை 32 பைட் கொண்ட ஒரு தொடரை அனுப்புகிறது. தொடரின் தலையில் எப்போதும் அதே இரண்டு பைட். எழுத்தாக வாசித்தால் 'பி', 'எம்'. வாலில் இரண்டு பைட், முன்னால் வந்த முப்பதையும் கூட்டிய தொகை. கூட்டிப் பார்த்து ஒத்துவராவிட்டால் அந்தத் தொடரை வீசிவிட வேண்டும். ஃபேனுக்கு 5 வோல்ட் வேண்டும், தரவுக் கம்பிக்கோ 3.3 வோல்ட்தான். இதைக் கவனித்து ஒரு இஎஸ்பி32 போர்டோடு இணைத்து, பக்கத்தில் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் அளக்கும் பிஎம்இ280 ஒன்றையும் வைத்தால், வைஃபை வழியாக எண்கள் போகத் தொடங்கிவிடும். வைஃபை எட்டாத இடம் என்றால் லோரா என்ற நெடுந்தூர ரேடியோ இருக்கிறது. நம் நாட்டில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். வெட்டவெளியில் சில கிலோமீட்டர் வரை சின்னச் சின்னத் தொடர்களை அது கொண்டுசேர்க்கும்.

இந்தப் பெட்டி நேரடியாக எடை பார்ப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். சிதறிய ஒளியைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. தவறுகள் எல்லாம் அந்த ஊகத்தில்தான் பிறக்கின்றன, எனவே அவை எங்கிருந்து வருகின்றன என்பது நமக்குத் தெரியும். ஈரப்பதம் ஏறும்போது துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். ஊதிய துகள் கூடுதலாக ஒளியைச் சிதறடிக்கும். சென்சார் கூடுதலாகக் காட்டும். டீசல் புகையின் கரி ஒளியைச் சிதறடிப்பதோடு விழுங்கவும் செய்யும். அங்கே கணக்கு வேறு மாதிரி தவறும். 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ள மிக நுண்ணிய துகள்கள் லேசரின் கண்ணில் சரியாகப் படுவதே இல்லை. சாலைப் புழுதி போன்ற பெரிய துகள்களை அந்தச் சின்ன ஃபேன் சரியாக உள்ளே இழுப்பதும் இல்லை. ஆகவே 10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களுக்கு பிஎம்10 என்று இந்தச் சென்சார் தரும் எண்ணை நான் எங்கேயும் எடுத்துச் சொல்வதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். 2.5 மைக்ரோமீட்டர் வரையுள்ள நுண்துகள்களான பிஎம்2.5-இன் நிலைமை வேறு. அதில் பிழை உண்டு. ஆனால் அந்தப் பிழைக்கு ஒரு திசை உண்டு, ஒரு காரணம் உண்டு.

பத்து நிமிடம் வேகமாக ஓடும் கடிகாரத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை, பத்து நிமிடத்தைக் கழித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கிறார்கள். நேரத்தை இஷ்டத்துக்குக் காட்டும் கடிகாரத்தைத்தான் நம்ப முடியாது. மலிவு விலை நுண்துகள் சென்சார் இதில் எந்த வகை என்பதைச் சோதித்துப் பார்க்க முடியும். சோதித்தும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பர்ப்பிள்ஏர் என்ற நிறுவனம் விற்கும் அளவிகளில் பலவற்றுக்குள் இருப்பவை இதே பிஎம்எஸ்5003 சென்சார்கள்தான். ஒரு அளவிக்குள் இரண்டு இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ரீடிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் நாடு முழுவதும் அரசு நிலையங்களுக்குப் பக்கத்தில் இருந்த பர்ப்பிள்ஏர் அளவிகளின் தரவை எடுத்து ஒப்பிட்டார்கள். கிடைத்த திருத்தம் பள்ளிக்கூடக் கணக்கு அளவுக்கு எளியது: சென்சார் காட்டும் எண்ணை 0.524-ஆல் பெருக்கு, ஈரப்பத சதவீதத்தை 0.0862-ஆல் பெருக்கி அதிலிருந்து கழி, 5.75-ஐக் கூட்டு. இவ்வளவுதான். 24 மணி நேர சராசரியில் பிழை 8 மைக்ரோகிராமிலிருந்து 3-க்கு இறங்கியது. 2020-இல் மேற்குக் கரையோரக் காடுகள் பற்றி எரிந்தபோது, அந்த முகமையும் வனத்துறையும் சேர்ந்து நடத்தும் தீ-புகை வரைபடத்தில் இந்த அளவிகளின் திருத்திய எண்கள் ஏறின. இன்று புகை சூழ்ந்த ஊரில் இருக்கும் ஒரு தாய், குழந்தையை வெளியே விளையாட விடலாமா என்று பார்ப்பது அந்த வரைபடத்தில்தான். துல்லியம் இல்லை என்று ஒதுக்கப்பட்ட பெட்டியை ஓர் அரசாங்கமே திருத்தி எடுத்துப் பயன்படுத்துகிறது.

அந்த 0.524-ஐ அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சென்னையில் போட்டால் சரிவராது என்பது எனக்கும் தெரியும். அங்கே காட்டுத் தீப் புகை. இங்கே கடல் உப்பு, டீசல், குப்பைப் புகை, அனல்மின் நிலையச் சாம்பல். அங்குள்ள பல ஊர்களில் வறண்ட காற்று. இங்கே மார்கழி விடியற்காலையில் ஈரப்பதம் தொண்ணூறைத் தாண்டி நிற்கும். அந்த நேரத்தில் மாடியில் உள்ள சென்சாரைப் பாருங்கள்: பனிமூட்டம் இறங்கும்போது எண் ஏறிக்கொண்டே போகும், வெயில் வந்து ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். அதில் எவ்வளவு மாசு, எவ்வளவு வெறும் நீர் என்று பிரித்துச் சொல்ல, இந்த ஊரிலேயே, வாரியத்தின் கருவிக்குப் பக்கத்திலேயே வைத்து ஒப்பிட வேண்டும். நாம் கேட்பதும் அதைத்தான். "உங்கள் சென்சார் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கப்படவில்லை" என்று சொல்கிறவர்கள், ஒப்பிட இடம் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். இரண்டையும் ஒரே ஆள் சொல்லக் கூடாது.

வாரியத்தின் கருவி மட்டும் ஆகாயத்திலிருந்து இறங்கிய உண்மையா? நிலையங்களில் பரவலாக இருக்கும் பீட்டா கதிர் அளவி, காற்றை ஒரு வடிகட்டி நாடா வழியே இழுத்து, படிந்த துகளின் ஊடே பீட்டா கதிரைச் செலுத்தி, எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்து எடையைக் கணக்கிடுகிறது. அங்கேயும் ஈரப்பதம் தொல்லைதான். அதனால்தான் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி உலர்த்துகிறார்கள். அந்தக் கருவிக்கு மரியாதை கிடைத்தது எப்படி? வடிகட்டித் தாளில் துகளைப் படியவைத்துத் தராசில் நிறுக்கும் பழைய முறையோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் அது நம்பகம் பெற்றது. ஒரு கோடி ரூபாய் நிலையம் நடந்த அதே வழியில் நாலாயிரம் ரூபாய் அளவியும் நடக்கக் கேட்கிறது. வேறு சலுகை எதையும் கேட்கவில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். துல்லியம் என்று பேசும்போது எதைப் பற்றிய துல்லியம் என்று ஏன் யாரும் கேட்பதில்லை? ஆலந்தூரில், வேளச்சேரியில், மணலியில், அரும்பாக்கத்தில், கொடுங்கையூரில் என்று சென்னையின் தொடர் கண்காணிப்பு நிலையங்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அவற்றின் கருவிகள் தங்களைத் தொட்டுப்போகும் காற்றைத் துல்லியமாக அளக்கின்றன. நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ஒரு தெருவில் இருக்கும் காற்றைப் பற்றி அந்தக் கருவிக்கு என்ன தெரியும்? ஒரு நிலையத்தை எங்கே அமைக்கலாம் என்ற விதிகளே, பக்கத்தில் ஒரு தனி மாசு மூலத்தின் நேரடிப் புகை படாத இடமாகப் பார்க்கச் சொல்கின்றன. ஒரு வட்டாரத்தின் பொதுவான காற்றை அளக்க வேண்டும் என்பதால். அந்த விதி நியாயமானது. அந்த எண்ணை எடுத்து, புகை நேரடியாக முகத்தில் அடிக்கும் வீட்டுக்காரரிடம் "உங்கள் ஊர்க் காற்று இவ்வளவுதான்" என்று காட்டுவது நியாயம் இல்லை. என் தெருவைப் பற்றிய கேள்விக்கு, இருபது சதவீதம் தவறும் என் தெரு அளவி தரும் பதில், தவறே செய்யாத தூரத்து அளவி தரும் பதிலைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

நேரத்திலும் இதே கதைதான். 2015-இல் நடைமுறைக்கு வந்த தேசியக் காற்றுத் தரக் குறியீடு, நுண்துகளுக்கு 24 மணி நேர சராசரியை எடுத்துக்கொள்கிறது. 2009-இல் வகுத்த இந்தியத் தர வரம்பும் 24 மணி நேரத்துக்கு 60 மைக்ரோகிராம் என்றுதான் சொல்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க 40 மைக்ரோகிராம் இருக்கும் ஒரு தெருவில், இரவு எட்டு மணிக்கு யாரோ குப்பைக்கும் பழைய டயருக்கும் தீ வைக்க, ஒரு மணி நேரம் 300 மைக்ரோகிராம் புகை சூழ்ந்து நிற்கிறது. அன்றைய சராசரி என்ன? 51-ஐத் தொடவில்லை. வரம்புக்குள்ளேயே இருக்கிறது. தாளில் அந்தத் தெருவுக்கு அன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்துமாக்காரக் குழந்தைக்கு நடந்தது அந்த ஒரு மணி நேரத்தில். நிமிடத்துக்கு நிமிடம் பதியும் ஒரு மலிவு சென்சார், எட்டு மணிக்கு ஏறியது, ஒன்பதுக்கு இறங்கியது, வாரத்தில் எந்தெந்த நாளில் இப்படி ஆகிறது என்று காட்டிவிடும். உச்சி 300-ஆ 240-ஆ என்று சண்டை போடலாம். எட்டு மணிக்குத் தீ வைக்கிறார்கள் என்பதில் சண்டைக்கு இடமில்லை.

சமையலறையைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. விறகடுப்பில் ஊதாங்குழலோடு உட்கார்ந்திருக்கும் பெண் சுவாசிக்கும் காற்றை அளக்க எந்த நிலையமும் வரப்போவதில்லை. வாணலியில் கடுகு வெடித்து மிளகாய் கருகும் அந்த அரை நிமிடத்துக்கே சென்சாரின் எண் பல மடங்கு எகிறும். விறகுப் புகையில் மணிக்கணக்காக எகிறி நிற்கும். ஜன்னலைத் திறந்தால் எவ்வளவு குறைகிறது, அடுப்பைச் சுவரோரமாக மாற்றினால் எவ்வளவு குறைகிறது என்று அங்கேயே அப்போதே பார்த்துவிடலாம். இதற்குத் தேவை ஒப்பீடு, முன்னால் எவ்வளவு பின்னால் எவ்வளவு என்பது. சான்றிதழ் எதற்கு?

இப்போது எதிர்த்தரப்பில் உள்ள நியாயத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்த நியாயத்தை உண்டாக்கிக் கொடுத்தவர்கள் நம் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். பொறியியல் கல்லூரிகளில் 'காற்று மாசு கண்காணிப்பு' என்று ஆண்டுதோறும் வரும் புராஜெக்டுகளில் பாதிக்கு மேல் எம்க்யூ-135 என்ற சென்சாரை வைத்துச் செய்கிறார்கள். இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். உள்ளே சூடேற்றிய ஒரு வெள்ளீய ஆக்சைடு படலம். வாயு பட்டால் அதன் மின்தடை மாறும். எந்த வாயு? அம்மோனியா, ஆல்கஹால், பென்சீன், புகை என்று தயாரிப்பாளரே நீளமாகப் பட்டியல் தருகிறார். எது பட்டது என்று பிரித்துச் சொல்ல அந்தச் சென்சாருக்குத் தெரியாது. கைகளுக்கு சானிடைசர் தடவிக்கொண்டு பக்கத்தில் வந்தாலே எகிறிவிடும். நுண்துகளை அது அளப்பதும் இல்லை. அதிலிருந்து வரும் மின்னழுத்தத்தை ஒரு எண்ணாக மாற்றி, எல்சிடி திரையில் 'காற்றுத் தரக் குறியீடு 138' என்று காட்டிப் பரிசும் வாங்குகிறார்கள். இந்தியக் குறியீட்டைக் கணக்கிடக் குறைந்தது மூன்று மாசுகளின் அளவு வேண்டும், அதில் ஒன்று நுண்துகளாக இருக்க வேண்டும், நாளில் குறைந்தது 16 மணி நேரத் தரவு வேண்டும் என்பது அடிப்படை விதி. ஒரே சென்சாரின் ஒரு நொடி ரீடிங்குக்குக் குறியீடு என்று பெயர் வைப்பது பொய். இந்தப் பொய்யைப் பார்த்து ஒருவர் சொந்தமாகச் செய்த அளவிகள் மேலேயே நம்பிக்கை இழந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எம்க்யூ-135-இன் குற்றத்தை லேசர் சென்சாரின் தலையில் கட்ட முடியாது. வேலை செய்யும் விதமே வேறு. எம்க்யூ-135-க்குக்கூட ஒரு இடம் இருக்கிறது, அளவியாக அல்ல, அலாரமாக. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி எழுந்த மக்கள் என்னவென்றே தெரியாமல் இருட்டில் தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலை அருகே கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்ததாக வாரியமே பிறகு அறிவித்தது, வரம்பு 400. அந்த மாதிரி இரவில் ஒரு குப்பத்துக்கு வேண்டியது மூன்றாவது தசமம் வரையான துல்லியம் கிடையாது. "ஏதோ கசிகிறது, எழுந்திருங்கள்" என்று கத்தும் ஒரு சாதனம். தவறுதலாகச் சில இரவுகள் கத்தினாலும் அந்த மக்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

"கோர்ட்டில் நிற்குமா?" என்பது அடுத்த கேள்வி. நிற்காது; நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கே, எப்போது கோர்ட்டில் நிற்கும் அளவீட்டை எடுக்க வேண்டும் என்று சொல்வதுதான் இதன் வேலை. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து காட்டினார்கள். எந்த நேரம், என்ன நாற்றம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து என்று குறித்துவைத்தார்கள். மூக்குதான் அவர்களுடைய சென்சார். நாற்றம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து, பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2004-இல் வந்த அறிக்கையில் இருபதுக்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் இருந்தன. நாற்றக் குறிப்புகள் இல்லாவிட்டால் எந்த நேரத்துக் காற்றைப் பிடிப்பது என்று தெரிந்திருக்காது. படிப்பறிவு குறைந்த கிராமத்தார் மூக்கையும் வாளியையும் வைத்துச் செய்ததை, லேசரும் வைஃபையும் வைத்துச் செய்யக் கூடாது என்று இன்று யார் சொல்ல முடியும்?

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரத்து ஆர்வலர்கள் 2015-இல் தொடங்கியதையும் சொல்ல வேண்டும். அந்நாட்டிலேயே மாசு மிகுந்த சந்திப்பு என்று பெயரெடுத்த நெக்கார்டோர் அந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கே அரசு அளவி உண்டு. மற்றத் தெருக்களில் பெரும்பாலும் இல்லை. அவர்கள் எஸ்டிஎஸ்011 என்ற சென்சாரையும் ஒரு நோட்எம்சியு போர்டையும், கழிவுநீர்க் குழாய்க்குப் போடும் இரண்டு பிளாஸ்டிக் எல்போக்களுக்குள் செருகினார்கள். இரண்டு எல்போவையும் சேர்த்தால் வாய் இரண்டும் கீழ்நோக்கிப் பார்க்கும். மழை உள்ளே வராது. பூச்சி புகாமல் ஒரு வலை. அவ்வளவுதான் முழு நிலையமும். இன்று அது சென்சார் கம்யூனிட்டி என்ற பெயரில் பல பத்து நாடுகளுக்குப் பரவி, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அளவிகளைக் கொண்ட வலையாக நிற்கிறது. ஷ்டுட்கார்ட் இருக்கும் மாநிலத்தின் சுற்றுச்சூழல் அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? அதே சென்சாரை வாங்கித் தன் கருவிகளோடு ஒப்பிட்டது. ஈரப்பதம் கூடினால், பனிமூட்டம் இறங்கினால் எப்படித் தவறுகிறது என்று கண்டுபிடித்து வெளியிட்டது. குறையைக் கண்டுபிடித்தது சரியான வேலை. அதை வெளியே சொன்னதால் ஆர்வலர்கள் தங்கள் எண்களை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்று தெரிந்துகொண்டார்கள். இங்கே நாம் கேட்பதும் இந்த மாதிரி எதிர்ப்பைத்தான்.

நம் நாட்டிலும் இதைச் செய்த அரசு அமைப்புகள் இருக்கின்றன. மும்பையில் 2020-21-இல் மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தன் நிலையங்களிலேயே மலிவு சென்சார்களை வைத்துச் சோதிக்க இடம் கொடுத்தது. கான்பூர் ஐஐடி அதை ஆய்வு செய்தது. அதே ஐஐடி பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கிராமப்புற வட்டாரங்கள்தோறும், உள்நாட்டில் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சென்சார்களை நிறுவியிருக்கிறது. ஒரு கோடி ரூபாய் நிலையம் ஒருநாளும் எட்டிப் பார்க்காத ஊர்கள் அவை. மகாராஷ்டிரத்தால் முடிந்தது தமிழ்நாட்டால் முடியாதா?

பயத்தைக் கிளப்பும் என்ற வாதத்துக்கு மட்டும் நான் அதிகம் நேரம் கொடுக்கப்போவதில்லை. பெய்ஜிங்கில் அமெரிக்கத் தூதரகம் 2008-இல் தன் கட்டடத்தின் மேல் ஒரு நுண்துகள் அளவியை வைத்து எண்களை வெளியிடத் தொடங்கியபோது, ஒரே இடத்து அளவு ஒரு நகரத்தைக் காட்டாது என்று சீன அதிகாரிகள் கண்டித்தார்கள். பெய்ஜிங்வாசிகள் அந்த எண்ணைப் பார்த்தார்கள், கேட்டார்கள், 2012 தொடக்கத்தில் அந்நகர அரசே பிஎம்2.5 அளவை வெளியிடத் தொடங்கியது. உண்மை தெரிந்த ஜனங்கள் செய்தது அதுதான். அதே தூதரகத் திட்டத்தின் கீழ் சென்னையிலும் ஓர் அளவி இருந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை உலகம் முழுக்க அந்தத் தரவைப் பகிர்வதை நிறுத்திக்கொண்டது. ஒரே இடத்தில் ஒரே கையில் இருக்கும் தரவு ஒரு கையெழுத்தில் மறைந்துபோகும். நூறு மாடிகளில் நூறு பேர் வைத்திருக்கும் அளவிகளை அப்படி அணைக்க முடியாது.

செய்கிறவர்களுக்கும் கடமை இருக்கிறது, அதைக் கறாராகவே சொல்கிறேன். திரையில் குறியீடு என்று போடாதீர்கள், பிஎம்2.5 இத்தனை மைக்ரோகிராம், ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்று போடுங்கள். சென்சார் கொடுத்த மூல எண்ணையும் நீங்கள் திருத்திய எண்ணையும் தனித்தனியாகச் சேமியுங்கள். திருத்தியதை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பது தரவைக் கொல்வது. கரண்ட் போனால் ரூட்டரும் போய்விடும், ஆகவே ஒரு மெமரி கார்டில் எழுதுங்கள். ஏசி வெளியே தள்ளும் காற்றுக்கும் சமையலறை எக்ஸாஸ்டுக்கும் எதிரே மாட்டாதீர்கள். எஸ்டிஎஸ்011-இன் லேசருக்கு 8,000 மணி நேர ஆயுள் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். விடாமல் ஓட்டினால் ஒரு வருடம்கூட வராது, எனவே இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பி அளந்துவிட்டுத் தூங்க வையுங்கள். எறும்பும் ஒட்டடையும் உள்ளே போனால் எண் மெல்ல மெல்லத் திரியும்; மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். முடிந்தால் ஒரே இடத்தில் இரண்டு சென்சார் வையுங்கள். இவ்வளவையும் செய்யாமல் எண்ணை மட்டும் பரப்புகிறவர்களோடு எனக்கும் சண்டைதான்.

வாரியத்திடம் கேட்பது இன்னும் கொஞ்சம்தான். சென்னையில் ஒரு நிலையம், தூத்துக்குடியில் ஒன்று, கோவையில் ஒன்று. அந்த நிலையங்களின் மாடியில், காற்றை உள்ளே இழுக்கும் குழாய்க்குப் பக்கத்தில், இரண்டடி நீளக் கம்பியும் ஒரு பிளக் பாயின்ட்டும். சொந்தமாக அளவி செய்கிறவர்கள் பதிவு செய்துகொண்டு, ஆளுக்கு இரண்டு வாரம் தங்கள் அளவியை அங்கே மாட்டிவிட்டு எடுத்துக்கொள்வார்கள். சில அளவிகள் கோடை, வடகிழக்குப் பருவமழை, மார்கழி என்று ஆண்டு முழுக்க அங்கேயே இருக்கட்டும். இரண்டு தரப்பு எண்களையும் மணிவாரியாக, திருத்தாமல், யாரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். சென்னைக் காற்றுக்கான திருத்தக் கணக்கு அதிலிருந்து பிறக்கும். அதைப் போட ஒரு கல்லூரி மாணவர் போதும். போகியன்று வாரியம் ஆண்டுதோறும் மண்டலவாரியாக அளவெடுக்கிறது. வரும் போகியிலேயே அந்த இடங்களில் பொதுமக்களின் அளவிகளையும் பக்கத்தில் வைக்க அனுமதித்து இதைத் தொடங்கலாம். அந்தத் தரவு வந்த பிறகு, ஈரப்பதம் இத்தனைக்கு மேல் போனால் இந்த அளவிகள் இவ்வளவு தவறுகின்றன என்று எண்ணோடு எடுத்துச் சொல்லுங்கள். உட்கார்ந்து கேட்போம், எங்கள் கணக்கைத் திருத்திக்கொள்வோம்.